மெல்லிய ஓரம்

சிலிகானில் செய்த செயற்கை மூக்கு முதலில் எந்த இடத்தில் கெடும் என்று கேட்டால் பலரும் நுனியைத்தான் சொல்வார்கள். வெயில் படுவதும் இடிபடுவதும் அங்கேதானே. ஆனால் பெரும்பாலும் அது ஓரத்தில்தான் கெடத் தொடங்குகிறது. செயற்கை உறுப்பு முடிந்து சொந்தத் தோல் ஆரம்பிக்கும் எல்லையில். ரோஸ்ட் தோசையின் ஓரம் எப்படி இருக்கும், அப்படி அங்கே சிலிகானை முடிந்தவரை மெல்லிசாக இழைத்திருப்பார்கள். பசை போட்டு ஒட்டுவதும் இரவில் உரித்து எடுப்பதும் அந்த ஓரத்தைப் பிடித்துத்தான். தினமும் இழுபட்டு ஒருநாள் சின்னதாக ஒரு கீறல் விடும். ரப்பரில் கீறல் விட்டால் அப்புறம் அது நிற்காது, ஓடிக்கொண்டே இருக்கும்.

மெல்லிசாக விடுவதற்குக் காரணம் இருக்கிறது. தடிமனாக விட்டால் நிழல் விழும், நிழல் விழுந்தால் கோடு தெரியும், கோடு தெரிந்தால் எதிரே நிற்பவருக்கு விஷயம் புரிந்துவிடும். ஆக, ஓரம் மெலிந்திருப்பது எதிரே நிற்பவரின் கண்ணுக்காக. கிழிவது மட்டும் அணிபவரின் பொருள். கொஞ்ச நாளாக என்னைக் குடைந்துகொண்டிருப்பது இந்த ஒரு விஷயம்தான்.

எனக்கும் இதற்கும் தொழில்ரீதியாக எந்தச் சம்பந்தமும் கிடையாது. நான் எழுதுவது பேமென்ட் சிஸ்டங்களுக்கான மென்பொருள். இன்ஜினியரிங்கில் மெட்டீரியல் சயின்ஸ் ஒரு செமஸ்டர் படித்ததோடு சரி. 2021இல் கொரோனா இரண்டாம் அலையின் வாலைப் பிடித்துக்கொண்டு கருப்புப் பூஞ்சை வந்தது நினைவிருக்கும். அந்த மே மாதம் தமிழக அரசு அதை அறிவிக்கப்பட வேண்டிய நோய் என்று ஆணையிட்டது. ஜூலைக்குள் நாடு முழுக்க 45,000க்கும் மேற்பட்டவர்களுக்கு அது வந்திருந்தது. பூஞ்சை பரவாமல் தடுக்கப் பலருக்குக் கண்ணையும் மேல்தாடையையும் எடுக்க வேண்டியிருந்தது. அதில் ஒருவர் என் பெரியப்பா. சங்கரன்கோவில் பக்கம் விவசாயம். வலது கண் போனது. இமை, அதைச் சுற்றிய சதை எல்லாவற்றோடும்.

அவருக்குச் செயற்கைக் கண்பகுதி செய்துகொடுத்தது ஒரு பல் மருத்துவக் கல்லூரி. “கண்ணுக்கு எதுக்குடே பல்லு டாக்டர்?” என்று பெரியப்பாவே கேட்டார். பல்செட் செய்யும் அதே வேலைதான் இதுவும் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. அச்சு எடுப்பது, மெழுகில் வடிப்பது, ஜிப்சத்தில் மோல்டு கட்டுவது, மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு அந்த இடத்தில் பொருளை நிரப்பிச் சூடு காட்டி இறுக வைப்பது. வித்தியாசம் நிறத்தில்தான். ஆளைப் பக்கத்தில் ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, சிலிகானில் சொட்டுச் சொட்டாகச் சாயம் கலந்து கன்னத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். நரம்பு தெரிவதற்குச் சிவப்பு இழைத் தூள் கொஞ்சம். இப்படி அடுக்கடுக்காக. கண்விழி மட்டும் அக்ரிலிக். புருவத்துக்கு முடியை ஒவ்வொன்றாக ஊசியால் நடுகிறார்கள். செய்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். ஒரு முழு நாள் பெரியப்பாவின் முகத்தை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். பெரியம்மாகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டார்.

கையில் கொடுக்கும்போது, “பாத்து வச்சுக்கங்க சார், ஒண்ணரை வருஷம் வரும்” என்றார். அந்தக் கணக்கு எனக்கு உறுத்தியது. உலகமெங்கும் இதே கணக்குதான் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். 6 மாதத்திலிருந்து 2 வருடம். 1960 வாக்கில் முகத்துக்கு சிலிகான் வந்தது. அறுபது வருடம் கழித்தும் நிலைமை இவ்வளவுதான்.

இத்தனைக்கும் சிலிகான் நோஞ்சான் பொருள் இல்லை. அதன் முதுகெலும்பு சிலிக்கானும் ஆக்ஸிஜனும் மாறி மாறிக் கோத்த சங்கிலி. மணலிலும் கண்ணாடியிலும் இருக்கும் அதே பிணைப்பு. பிளாஸ்டிக்குகளைத் தாங்கிப் பிடிக்கும் கார்பன் பிணைப்பைவிட உறுதியானது. வெயில் அதை எளிதில் உடைத்துவிடாது. ஆனால் வெறும் சிலிகான் ஜெல்லி மாதிரி, இழுத்தால் கிழிந்துவிடும். அதற்காக நுண்ணிய சிலிக்காத் தூளைக் கலக்கிறார்கள். தூள் கூடக்கூடக் கிழிசலைத் தாங்கும், கூடவே விறைப்பும் ஏறும். விறைப்பு ஏறினால் பேசும்போதும் சிரிக்கும்போதும் கன்னத்தோடு சேர்ந்து அசையாது. அசையாத சதை செத்த சதை மாதிரி தெரியும். ஓரத்தில் மெல்லிய வலைத்துணியை உள்ளே வைத்து வார்த்துப் பார்த்திருக்கிறார்கள். பாலியூரித்தேன் படலத்தை அடியில் ஒட்டிப் பார்த்திருக்கிறார்கள். ஒவ்வொன்றும் கொஞ்சம் உதவுகிறது, ஒவ்வொன்றிலும் ஓரம் கொஞ்சம் தடிக்கிறது. தாங்கவும் வேண்டும், தெரியவும் கூடாது என்கிற இந்த இழுபறி எந்த வழியில் போனாலும் வந்து நிற்கிறது.

நிறம் இன்னொரு தலைவலி. வெளுப்பது சிலிகானைவிட அதற்குள் இருக்கும் சாயம்தான். கரிமச் சாயங்கள், குறிப்பாகச் சில சிவப்புகள், வெயிலில் சீக்கிரம் போய்விடும். இரும்பு ஆக்ஸைடு, அதாவது நம் காவி, அசையாது. வியர்வை, தோலின் எண்ணெய், கழுவும் சோப்பு எல்லாம் சேர்ந்து மேலே தீட்டிய வண்ணத்தைத் தின்கின்றன. அடியில் பூஞ்சை குடியேறும். பூஞ்சையால் கண் போனவருக்கு இது என்ன மாதிரியான கேலி என்று தெரியவில்லை. புற ஊதாக் கதிரைத் தடுக்க டைட்டானியம் டையாக்ஸைடு, துத்தநாக ஆக்ஸைடு நானோத் துகள்களைச் சேர்த்து ஆராய்ச்சி செய்கிறார்கள். சன்ஸ்கிரீனில் இருக்கும் அதே சரக்கு. நல்ல யோசனைதான். ஆனால் டைட்டானியம் டையாக்ஸைடு சுவருக்கு அடிக்கும் வெள்ளை பெயின்டின் மூலப்பொருளும்கூட. அளவு மீறினால் வெள்ளைத்தோலில் பெரிதாகத் தெரியாது. என் பெரியப்பா நிறத்தில் கலந்தால் சாம்பல் பூத்த மாதிரி ஆகிவிடும்.

ஆய்வுக் கட்டுரைகளை இரவில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தபோது ஓர் இடத்தில் நின்றேன். நிறம் கெட்டுவிட்டது என்று எப்படி முடிவு செய்கிறார்கள்? கருவி வைத்து அளக்கிறார்கள். புதிதாக இருந்தபோது ஓர் எண், செனான் விளக்கில் இத்தனை மணி நேரம் வாட்டிய பிறகு ஓர் எண், இரண்டுக்குமான தூரம். சரி, எவ்வளவு தூரம் போனால் தோல்வி? அதற்கு இரண்டு எல்லைகள் வைத்திருக்கிறார்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தட்டுப்படும் எல்லை ஒன்று. வித்தியாசத்தை ஏற்றுக்கொள்ள முடியாமல் போகும் எல்லை இன்னொன்று. இந்த எல்லைகளைக் கண்டுபிடிக்கும் முறை, இரண்டு மாதிரித் துண்டுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து மனிதர்களைப் பார்க்கச் சொல்லிக் கேட்பது. தெரிகிறதா? பரவாயில்லையா?

எங்கள் தொழிலில் இதற்கு அக்செப்டன்ஸ் கிரைட்டீரியா என்று பெயர். எதைச் செய்தால் வேலை முடிந்ததாக அர்த்தம் என்பதை வாடிக்கையாளர் எழுதிக் கொடுப்பார். அவர் எழுதியதைத் தாண்டி நாம் எவ்வளவு அழகாகச் செய்தாலும் பிரயோஜனமில்லை. சிலிகான் விஷயத்தில் வாடிக்கையாளர் யார்? பணம் கொடுப்பவரும், அதைத் தூக்கிச் சுமந்து திரிபவரும், வியர்வையில் ஊறி அரிப்பெடுத்துச் சொறிபவரும் ஒருவர். நிபந்தனையை எழுதியவர் இன்னொருவர். அவர் பஸ் ஸ்டாண்டில் நிற்கிறார், டீக்கடையில் நிற்கிறார், தெருவில் எதிரே வருகிறார். பொருளின் ஆயுள் என்று நாம் சொல்வது பாதிக்குப் பாதி அவருடைய சகிப்பின் ஆயுள்.

இது புதிய ஏற்பாடு இல்லை. முதல் உலகப் போரில் பதுங்குகுழிக்கு வெளியே தலையை நீட்டியவர்கள் முகத்தை இழந்தார்கள். இங்கிலாந்தில் சிட்கப் என்ற ஊரில் 1917இல் அவர்களுக்காகவே ஒரு மருத்துவமனை திறந்தார்கள். அங்கிருந்து ஊருக்குள் போகும் சாலையில் சில பெஞ்சுகளுக்கு நீல பெயின்ட் அடித்திருந்தார்களாம். அதில் உட்கார்ந்திருப்பவரைப் பார்த்தால் அதிர்ச்சி வரலாம், தயாராக வாருங்கள் என்று ஊர்க்காரர்களுக்கு முன்னெச்சரிக்கை. அந்தப் பெஞ்சைப் பற்றி நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அடித்தவர்கள் கெட்டவர்கள் இல்லை. அதிர்ச்சி அடைந்த முகத்தைப் பார்ப்பது காயம்பட்டவனுக்கும் வேதனை, அதைத் தவிர்க்கலாமே என்றும் நினைத்திருப்பார்கள். ஆனால் பெஞ்சு நீலமானது பார்ப்பவனுக்காக.

அதே காலத்தில் பாரிஸில் அன்னா கோல்மன் லாட் என்ற அமெரிக்கச் சிற்பி, செஞ்சிலுவைச் சங்கத்தின் ஆதரவில், முகம் சிதைந்த சிப்பாய்களுக்குச் செம்பில் முகமூடி செய்துகொடுத்தார். ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான தகடு. ஆள் அதைப் போட்டிருக்கும்போதே அவர் தோலைப் பார்த்து எனாமல் தீட்டுவார். மேகமூட்ட நாளில் பொருந்தும் நிறம் வெயிலில் வெளிறித் தெரியும் என்பதால் இரண்டுக்கும் நடுவில் ஒரு நிறத்தைப் பிடிக்க வேண்டியிருந்தது. இன்றைக்கும் லேபில் அதே பாடுதான். செம்பு கிழியாது, ஆனால் எனாமல் பெயரும், தகடு நசுங்கும். போர் முடிந்த பிறகும் ஒருவர் தன் முகமூடி அடிபட்டு நசுங்கி அலங்கோலமாக ஆனபின்னும் விடாமல் அதையே அணிந்திருந்ததாக லாட் குறித்திருக்கிறார். இது என்னை ரொம்ப நாள் தொந்தரவு செய்தது. அலங்கோலமான முகமூடி யாரையும் ஏமாற்றப் போவதில்லை. அது முகமூடி என்று எல்லோருக்கும் தெரியும். பிறகு எதற்கு அது? என் ஊகம் இது: அதைப் போட்டிருப்பதே ஒரு மரியாதைச் சைகை. உங்களைச் சங்கடப்படுத்தாமல் இருக்க நான் என் பங்கைச் செய்துவிட்டேன், இனி உங்கள் பங்கு.

இந்த இடத்தில் ஒரு சுலபமான முடிவு கையை நீட்டிக் கூப்பிடுகிறது. சமூகத்தின் பார்வைதான் நோய், ஆகவே மறைக்காதே, நிமிர்ந்து நட. இன்ஸ்டாகிராமில் நல்ல பின்னணி இசையோடு போடலாம், ஹார்ட் அள்ளும். எனக்கு இதில் உடன்பாடில்லை. ஒரு மனிதர் டவுன் பஸ்ஸில் ஏறி டிக்கெட் எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்து யாராலும் கவனிக்கப்படாமல் இறங்கிப் போக விரும்புவதில் கோழைத்தனம் ஒன்றுமில்லை. எர்விங் காஃப்மன் என்ற சமூகவியலாளர் 1963இல் களங்கம் பற்றி எழுதிய புத்தகத்தை ஒரு நாவலில் வரும் மூக்கில்லாத பெண்ணின் கடிதத்தோடுதான் ஆரம்பிக்கிறார். பொது இடத்தில் ஒருவரை ஒருவர் கண்டும் காணாமல் விடுவதை அவர் ஒரு நாகரிகமாகவே பேசுகிறார். கவனிக்கப்படாமல் இருப்பது நம்மில் பலருக்கு இலவசமாகக் கிடைத்திருக்கிறது, அதனால் அதன் விலை தெரிவதில்லை. பெரியப்பாவுக்கு அது கிராம் கணக்கில் சிலிகானாகவும் மணிக்கணக்கில் பயணமாகவும் விற்கப்படுகிறது.

தத்துவத்தில் முகம் என்றாலே லெவினாஸ் வந்துவிடுவார். எதிரே இருப்பவரைச் சந்திக்கச் சிறந்த வழி அவர் கண்ணின் நிறத்தைக்கூடக் கவனிக்காமல் சந்திப்பது என்ற பொருளில் அவர் சொன்னதுண்டு. கல்லூரிக் காலத்தில் படித்தபோது சிலிர்த்தது. லேபில் அந்தப் பெண் கண்விழியின் பழுப்புக்குள் இன்னும் துளி மஞ்சள் வேண்டுமா என்று அரை மணி நேரம் யோசித்ததைப் பார்த்த பிறகு அதே வரி வேறு மாதிரி கேட்கிறது. யாராவது ஒருவர் நிறத்தை அவ்வளவு உற்றுக் கவனித்தால்தான் மற்றவர்கள் கவனிக்காமல் இருக்க முடிகிறது. லெவினாஸ் சொல்லும் சந்திப்பு நடப்பதற்கு முன்னால் ஒரு டெக்னீஷியனின் ஒருநாள் கூலி இருக்கிறது.

தமிழில் “முகம் கொடுத்துப் பேசு” என்கிறோம். முகத்தைக் கொடுப்பது, எவ்வளவு சரியான வினை! கொடுப்பவர் இருந்தால் வாங்குபவரும் இருக்க வேண்டும். பெரியப்பா வலது பக்கம் திரும்பிப் பேசினால் ஊரில் பலர் வாங்கிக்கொள்வதில்லை, செருப்பைப் பார்ப்பார்கள்.

இன்னொரு பக்கம், ரொம்ப நன்றாகச் செய்தாலும் சிக்கல். ஜப்பானிய ரோபோ விஞ்ஞானி மசாஹிரோ மோரி 1970இல் எழுதிய ஒரு சிறு கட்டுரைதான் இன்று அன்கேனி வேலி என்று எல்லோரும் சொல்லும் கருத்தின் பிறப்பிடம். மனித உருவத்தை நெருங்க நெருங்கப் பிடித்துப்போகும் ஒரு பொருள், கிட்டத்தட்ட மனிதனாகவே ஆகிவிடும் கட்டத்துக்குச் சற்று முன் திடீரென அருவருப்பாகிவிடுகிறது என்பது அவர் வாதம். ரோபோவுக்காகச் சொன்னதாக நினைக்கிறோம். அதில் அவர் கொடுக்கும் முக்கிய உதாரணம் செயற்கைக் கை. நிஜம் என்று நம்பிக் குலுக்கினால் சில்லென்று இருக்கும் கை. அவர் சொல்லும் வழி எனக்குப் பிடித்திருக்கிறது: நிஜத்தின் உச்சியைத் துரத்தாதீர்கள். மூக்குக்கண்ணாடி கண் மாதிரியா இருக்கிறது? இல்லையே, ஆனாலும் முகத்துக்கு அழகு. புத்தர் சிலை செதுக்குபவர் செய்த மரக்கை ஒன்றைச் சொல்கிறார். மரம் என்று தெரிகிறது, யாரும் பயப்படுவதில்லை. தன்னை மறைக்காத பொருளுக்கு ஓரத்தை மெலிக்க வேண்டிய அவசியமில்லை. அது நீடிக்கும்.

நீடிப்பது பற்றி இன்னொரு குழப்பமும் இருக்கிறது. நாம் சிலிகானைத் தோலோடு ஒப்பிட்டு, தோல் எவ்வளவு உழைக்கிறது பார் என்கிறோம். தோல் உழைக்கவே இல்லை. மேல்தோல் ஏறக்குறைய மாதத்துக்கு ஒருமுறை உதிர்ந்து புதிதாக வருகிறது. அறுபது வருடம் தாங்கிய முகம் என்று எதுவும் கிடையாது, அறுபது வருடமாக யாரோ விடாமல் மாற்றிக்கொண்டே இருந்த முகம்தான் உண்டு. முகத்துக்கு நாம் அறிந்த ஆகச் சிறந்த மூலப்பொருளும் அதே ஆளின் தோல்தான். திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயர் பக்கம் மாட்டுவண்டி ஓட்டிய கவாஸ்ஜி என்பவரின் மூக்கைத் தண்டனையாக அறுத்தார்கள். புனே பக்கம் செங்கல் செய்யும் சாதியைச் சேர்ந்த ஒருவர், மெழுகில் மூக்கின் அளவு எடுத்து, நெற்றித்தோலை வெட்டி இறக்கிப் புது மூக்கு வைத்துவிட்டார். 1794இல் லண்டன் பத்திரிகை ஒன்றில் படத்தோடு வந்த செய்தி இது, ஐரோப்பிய அறுவை மருத்துவர்களைத் தூக்கிவாரிப்போட்டது. அந்த மூக்கு வெளுக்காது, வெயிலில் கறுத்தால் முகத்தோடு சேர்ந்து கறுக்கும். நெற்றியில் தழும்பு மட்டும் நிற்கும். பெரியப்பாவைப் போலக் குழியாகவே எடுத்துவிட்டவர்களுக்கு அந்த வழி பெரும்பாலும் போதாது, அதனால் சிலிகான்.

ஊரில் அய்யனார் கோயில் மண்குதிரை மழையில் கரைந்தால் யாரும் குதிரையின் தரத்தைக் குறை சொல்வதில்லை. அடுத்த புரவியெடுப்புக்கு வேளார் புதுசு செய்வார். நீடிப்பது குதிரை இல்லை, செய்யத் தெரிந்த கை. மென்பொருளிலும் அப்படித்தான், ஓடுகிற புரோகிராம் கெட்டுப்போகலாம், சோர்ஸ் கோட் பத்திரமாக இருந்தால் போதும். முகத்துக்கும் இதைச் செய்யலாம். ஸ்கேன் செய்து மோல்டை ஃபைலாக வைத்துக்கொண்டு, எந்தச் சாயம் எத்தனை சொட்டு என்று எழுதி வைத்துக்கொண்டால், இரண்டாவது முகம் முதலாவதைவிட வேகமாக வரும். சில இடங்களில் ஏற்கெனவே செய்கிறார்கள். கோடைக்குக் கொஞ்சம் கறுப்பாக ஒன்று, மற்ற மாதங்களுக்கு ஒன்று என்று இரண்டு வாங்கிக்கொள்பவர்களும் உண்டு.

ஆனால் இந்த வாதத்தை மருத்துவமனைக்குப் பக்கத்துத் தெருவில் வீடு இருப்பவர் சொல்லலாம். சங்கரன்கோவிலிலிருந்து ராத்திரி பஸ், துணைக்கு ஓர் ஆள், இரண்டு மூன்று முறை அலைச்சல், போகும் நாட்களின் கூலி. அவருக்கு ஒன்றரை வருடத்துக்கும் ஐந்து வருடத்துக்கும் இருக்கும் வித்தியாசம் வேதியியல் இல்லை. அந்த நானோத்துகள் ஆராய்ச்சிகளை அலட்சியமாகப் பேச எனக்கு மனம் வராததும் அதனால்தான்.

பெரியப்பா கண்டுபிடித்த தீர்வு வேறு. நாலு வருடம் ஆகியும் அவருடைய சிலிகான் கிட்டத்தட்டப் புதுசு போலவே இருந்தது. நான் ஏதோ விசேஷக் கலவை போலிருக்கிறது என்று விசாரித்தேன். சிரித்தார்.

“போட்டாத்தானல கிழியும்? வயக்காட்டுல வேர்வ ஊத்தும், எவன் போடுவான்? கல்யாணம் காட்சின்னா எடுத்து மாட்டுவேன். அது எனக்கா செஞ்சது? உங்களுக்குல்லா செஞ்சது.”

வீட்டில் சும்மா பஞ்சு வைத்து ஒரு வெள்ளைத்துணி. வெளியே போனால் கறுப்புக் கண்ணாடி. நாலு வயதுப் பேரன் சிலிகானுக்கு வைத்திருக்கும் பெயர் “தாத்தாவோட ஊருக்குப் போற கண்ணு”. அவன் அதைக் கண்டுதான் மிரளுகிறான். பஞ்சு வைத்த தாத்தாவின் மடியில் தூங்குகிறான்.

போன தையில் அத்தை மகள் கல்யாணத்துக்குப் போட்டுவிட்டுக் கழற்றும்போது கீழ் ஓரம் ஒரு விரற்கடை கிழிந்துவிட்டது. மறுபடி அதே லேப், அதே பெண், இப்போது சீனியர் ஆகியிருந்தார். பழைய மோல்டைப் பத்திரமாக வைத்திருந்தார். பெரியப்பா உட்கார்ந்ததும் முதலில் கேட்டது, “இந்த ஓரத்த கொஞ்சம் தடியா வைக்க முடியுமாம்மா?”

அவருக்கு அது புரியவில்லை. யாரும் அப்படிக் கேட்டதில்லை போல. “தடியா வச்சா லைன் தெரியுமே சார். பாக்குறவங்களுக்குத் தெரிஞ்சிரும்.”

“இப்பவும் தெரியத்தான செய்யுது. நீ கிழியாம வையி.”

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் பேசினார்கள். கடைசியில், கண்ணாடி ஃபிரேம் மறைக்கும் மேல்பக்கம் வழக்கம்போல மெல்லிசு, கன்னத்தில் பிடித்து உரிக்கும் இடத்தில் மட்டும் உள்ளே வலைத்துணி வைத்துத் தடிமன் என்று முடிவானது. அந்தப் பெண் கேஸ் ஷீட்டில் “நோயாளியின் விருப்பப்படி” என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார். சாயக் கணக்கில் பழையதைவிடக் காவி இரண்டு சொட்டு கூடுதல். நாலு வருட வெயிலில் பெரியப்பா கறுத்திருந்தார்.